களத்துமேட்டில் சொன்ன பதில்

பயிற்சி முடித்து வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி கேட்டார்கள். பேசிப் பேசியே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். இப்போது பேச அலுப்பாக இருக்கிறது, எழுதித் தருகிறேன். உணர்ச்சி இல்லாத தேமலை எப்படிக் கண்டுபிடிப்பது, முழங்கைக்குப் பின்னால் தடித்த நரம்பை எப்படித் தடவிப் பார்ப்பது, எந்த மாத்திரை எத்தனை நாள் என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தப் பாடங்களில் நான் பெரிதாகத் தவறு செய்ததில்லை. நான் செய்த பெரிய தவறு வாயால் செய்தது.

எண்பதுகளின் தொடக்கம். தொழுநோய்த் தடுப்பு வேலையில் எனக்கு இரண்டாவது வருடம். சொந்த ஊரான கணியம்பாடியைச் சுற்றிச் சமவெளியில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவனை ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். மேற்குச் சரிவில், திருப்பத்தூரிலிருந்து ஏறும் பக்கம், பத்துப் பன்னிரண்டு சிற்றூர்கள் என் பொறுப்பு. பஸ் போகிற வரைக்கும் பஸ், அப்புறம் நடை. தோளில் ஒரு காக்கிப் பை. அதற்குள் மாத்திரை டப்பா, நோயாளிகளின் கார்டுகள், ஊராருக்குக் காட்டிப் பேசுவதற்காகக் கொடுத்த படம் போட்ட அட்டைகள். மலைக்காரர்கள் என்னைப் ‘படை பாக்குற சார்’ என்பார்கள். தோலில் எது இருந்தாலும் அவர்களுக்குப் படைதான்.

அந்தச் சிற்றூர்களில் ஒன்றில்தான் இது நடந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் பச்சையம்மா என்று வேறு பெயர் வைத்துச் சொல்கிறேன்.

பச்சையம்மாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். பத்து மாதப் பெண் குழந்தை ஒன்று. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனபோது, வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தவளின் இடது முன்கையில் வெற்றிலை அகலத்துக்கு வெளுப்பாகத் தெரிந்தது. உலக்கையை வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் கோழி இறகின் நுனியால் தொடும் இடத்தை மற்றக் கைவிரலால் காட்ட வேண்டும். விளையாட்டு மாதிரி இருந்ததால் சிரித்தாள். புறங்கையில் தொட்டேன், காட்டினாள். முழங்கையில் தொட்டேன், காட்டினாள். தேமலின் நடுவில் தொட்டேன். சிரிப்பு மாறாமல் காத்திருந்தாள்.

“இன்னும் தொடலியா சார்?”

“தொட்டுட்டேம்மா.”

கண்ணைத் திறந்தாள். இறகு அவள் கைமேல்தான் இருந்தது.

எத்தனையோ பேரிடம் இந்த நோயைச் சொல்லியிருக்கிறேன். இவளிடம் நான் சொல்லவே இல்லை. அவளே தன் விரலால் அந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தாள். இன்னும் பலமாகக் கிள்ளினாள். பிறகு உள்ளே தொட்டிலில் தூங்கிய குழந்தையைப் பார்த்தாள்.

“கொயந்தைக்கு ஒட்டுமா?”

“ஆரம்பத்துலயே பாத்தாச்சு. மாத்திரை தவறாம சாப்பிட்டா ஒண்ணும் ஆவாது. பாலும் குடுக்கலாம்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். எங்க வூட்டுக்காரருக்கு நானே பக்குவமா நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன்.”

“சொல்ல மாட்டேன்” என்றேன். சுலபமாகச் சொன்னேன். காசா பணமா என்பது போலச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் ஒரே வகை மாத்திரைதான். அதை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை போய்க் கொடுத்து வந்தேன். அவரை விதை போட்டு வைத்திருந்த சுரைக்குடுக்கைக்குள் மாத்திரைகளை ஒளித்து வைத்திருந்தாள். ஒரு நாள்கூட விடவில்லை என்பதைக் குடுக்கையைக் கவிழ்த்து எண்ணிக் காட்டுவாள். எனக்குப் பெருமையாக இருக்கும். என் கார்டுகளில் அவ்வளவு சுத்தமாக நிரம்பிய கார்டு வேறு இல்லை.

நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ போனபோது சாமை அறுப்பு முடிந்து ஊரே களத்தில் இருந்தது. ஆண்கள் தாளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் காற்றுப் பார்த்துத் தூற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாவும் முறத்தோடு நின்றாள். ஊர்க்கவுண்டர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரின் கல்யாணம், வழக்கு, திருவிழா எல்லாம் அவர் சொல்படிதான் நடக்கும். ஐம்பது வயதுக்காரர், முரட்டு ஆள் அல்ல. எனக்குப் பலமுறை பலாச்சுளை கொடுத்து உபசரித்திருக்கிறார்.

“வாங்க சார்” என்றார். “ஒண்ணு கேக்கணும். மாசாமாசம் வர்றீங்க, நேரா அந்த ஒரு வூட்டுக்குப் போறீங்க. அந்தப் பொண்ணுக்கு இன்னா சார் நோவு?”

முறங்கள் நின்றன. முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள் ஒரு டஜன் இன்று எனக்குத் தெரியும். உடம்பில் ரத்தம் குறைவு என்றிருக்கலாம். சிரித்துக்கொண்டே ‘உங்க கையையும் காட்டுங்க பாப்போம்’ என்று பேச்சை மாற்றியிருக்கலாம். ‘அவங்க உடம்பப் பத்தி அவங்களத்தான கேக்கணும்’ என்றிருக்கலாம். அன்று எதுவும் தோன்றவில்லை. மறைக்க மறைக்கத்தான் மூடநம்பிக்கை வளரும், வெளிப்படையாகப் பேசுங்கள் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதன்மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் உண்மை வேறு. எனக்கு இருபத்தாறு வயது. முப்பது பேர் வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்குப் பல வருடம் பிடித்தது.

“தொழுநோய்தாங்க” என்றேன். “ஆனா பயப்படறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல.”

பையைத் திறந்து அட்டைகளை எடுத்தேன். சாபம் இல்லை, பாவம் இல்லை, ஒரு கிருமிதான் என்றேன். அவளுக்கு இருப்பது மற்றவர்களுக்குப் பரவாத வகை என்றேன். கால்மணி நேரம் பேசியிருப்பேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் கத்தவில்லை. நன்றாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். பச்சையம்மாவுக்குப் பக்கத்தில் தூற்றிக்கொண்டிருந்த பெண் மட்டும் தன் குவியலைக் காலால் மெதுவாகத் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டு போனாள். பச்சையம்மாவின் மாமியார் வந்து, அவள் இடுப்புத் துணியில் தூங்கிய குழந்தையை எழுப்பாமல் எடுத்துக்கொண்டாள். பச்சையம்மா என்னைப் பார்க்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் போனபோது அவள் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே, கொல்லைக்காட்டில் காட்டுப்பன்றி வராமல் காவல் இருக்கும் கொட்டாயில் இருந்தாள். சோறு கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்களாம். குழந்தையை அவளிடம் விடவில்லை. மார்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“பால் கட்டிக்கிச்சு சார். கல்லு மாதிரி வலிக்குது. அதுக்கு எதுனா மாத்திரை கீதா?”

என் பையில் அதற்கு மாத்திரை இல்லை.

ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். பரவாது, பரவாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அட்டைகளை மறுபடி எடுத்தேன். அவர் அதைக் கையால் தள்ளினார்.

“நீங்கதான சார் சொன்னீங்க? நாங்களா சொன்னோம்? தெரியாம இருந்தா எங்க பாட்டுக்கு இருந்திருப்போம். தெரிஞ்சப்புறம் எப்படி உள்ள வெக்கிறது? நாளைக்கு எங்க ஊர்ல எவன் பொண்ணு குடுப்பான், எடுப்பான்?”

அதற்கு அட்டையில் படம் இல்லை.

அதற்கும் அடுத்த மாதம் கொட்டாய் காலியாக இருந்தது. அவள் கணவன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் நின்று கேட்டேன். மாட்டை நிறுத்தாமலே “பூட்டா” என்றான். எங்கே போய்விட்டாள் என்றேன். “கீழ” என்றான். அவன் கண் கலங்கியிருந்ததா, வெயிலா, எனக்குத் தெரியாது.

என் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, கார்டைக் கொண்டுவரச் சொல்லி, ‘ஊரை விட்டுப் போய்விட்டார்’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடச் சொன்னார். “இதையே நெனச்சுக்கிட்டு இருந்தா மத்த எரநூறு பேரை யாருப்பா பாக்கறது?” என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. நீங்களும் இந்தப் பேச்சைக் கேட்பீர்கள். நீங்களே சொல்லவும் செய்வீர்கள். நான் அந்த வரியை எழுதவில்லை. பெரிய மனது ஒன்றும் இல்லை. அந்தக் கார்டை எடுத்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

புளி உலுக்கும் காலம் வந்தது. மலையிலிருந்து புளி மூட்டைகள் திருப்பத்தூர் மண்டிகளுக்கு இறங்கும். ஓடு நீக்கி, கொட்டை எடுக்கப் பெண்கள் நிறையப் பேர் தேவைப்படுவார்கள். மலைப் பெண்ணுக்குக் கீழே தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்று தோன்றியது. லீவு நாட்களில் மண்டி மண்டியாகப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வாரம் ஒரு மண்டியின் பின்கட்டில், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கல்லில் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். தலையை மிகமிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. இந்த முறை நான் வாயைத் திறக்காமல் நடந்து வெளியே போனேன். ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர்க் குடம் எடுக்க வருபவள் போலத் தெருக்குழாய்க்கு வந்தாள்.

“இங்கயும் வந்துட்டீங்களா சார்?”

நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டேன். அவள் இடது கையில் துணி சுற்றியிருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னேன். சூட்டுக் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கியிருக்கிறாள், சுட்டது தெரியவில்லை.

“மாத்திரை வேணும் சார்” என்றாள். “கை போய்ட்டா மண்டியில வெக்க மாட்டாங்க. ஆனா நான் சொல்றபடி வரணும். அந்தப் பைய கொணாராதீங்க. மண்டிக்கு வராதீங்க. பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க.”

எனக்கு யாரும் சொல்லித்தராத பாடத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அவள் இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். மண்டிகளுக்குப் பின்னால், சாக்கடைக் கால்வாய் ஓரமாக ஐம்பது அறுபது குடிசைகள். மலையிலிருந்து இறங்கியவர்கள், அடிவார ஊர்களில் நிலம் இல்லாமல் வந்தவர்கள். எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு குழாய். நகரத்துக்குள் இருந்தாலும் நகரத்தின் எந்த நர்ஸும் அங்கே போனதில்லை, மலைக்கு மேலும் யாரும் போனதில்லை. அந்த மக்களுக்கு இரண்டு இடமும் ஒன்றுதான். குழந்தைகள் எல்லாம் சொறி பிடித்து ராத்தூக்கம் இல்லாமல் சொறிந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அரசு ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கெஞ்சி, சொறிக்குப் பூசும் வெள்ளை மருந்து இரண்டு பெரிய பாட்டில் வாங்கினேன். ‘தொழுநோய் பார்க்கிறவனுக்குச் சொறி மருந்து எதற்கு’ என்று மேலிடத்தில் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் பூசிக்கொண்டே இருந்தேன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்தக் குடிசைகளுக்குப் போவேன். எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். எல்லார் தோலையும் பார்ப்பேன், எல்லார் கையிலும் ஏதாவது ஒரு பொட்டலம் கொடுப்பேன். வரிசையில் ஒருத்தியாகப் பச்சையம்மாவும் நிற்பாள். அவள் பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

மருந்தைக் கொடுப்பதற்கு இப்படி ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பெண்ணின் குடும்பம் செலவாகியிருந்தது.

அதே வரிசையை மலையிலும் நடத்திப் பார்ப்போம் என்று மறு வருடம் அந்த ஊருக்குப் போனேன். அவள் ஊரை விட்டுப் போனதிலிருந்து அங்கே யாரும் என்னிடம் தேமலைக் காட்டுவதில்லை. என் தலையைக் கண்டாலே கொல்லைக்குப் போய்விடுவார்கள். ஆனால் சொறி அங்கேயும் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னேன். மற்றவர்களுக்குப் பயம் தெளியட்டும் என்று ஊர்க்கவுண்டரே முதலில் வந்தார். அவருக்குச் சொறி முதுகு வரைக்கும் இருந்தது. மருந்து பூசத் திருப்பினேன்.

வலது தோள்பட்டைக்குக் கீழே, அவர் கண்ணுக்கே தெரியாத இடத்தில், வெளுப்பாக ஒரு தேமல்.

இறகை எடுத்தேன். “தொடற எடத்த வெரல் வெச்சுக் காட்டுங்க.” இடுப்பில் காட்டினார். கழுத்தில் காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே தொட்டேன். சும்மா இருந்தார். மறுபடி தொட்டேன். பிறகு குண்டூசியின் முனையை வைத்தேன். சும்மா இருந்தார்.

“ஏன் பேசாம நிக்கிற?” என்றார், என் பக்கம் திரும்பாமல். என்னை அவர் ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. “அன்னிக்குக் களத்துல சொன்னியே, அதான?”

“ஆமாங்க.”

கதவுக்கு வெளியே ஊரே வரிசையில் நின்றது. யாரோ இருமினார்கள். அவர் மெதுவாகச் சட்டையை எடுத்தார்; போடத் தெரியாதவர் போலக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதற்குள் வெளியிலிருந்து ஒரு பெண் குரல், “கவுண்டருக்கு இன்னா சார்? இவ்ளோ நேரமாவுது?”

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது இரக்கம் அல்ல. பச்சையம்மா மார்பில் இறுக்கிக் கட்டிய துணிதான் கண்ணில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை போதும். அதையும் பொய்யில்லாமல் சொல்லலாம், அட்டைகூடக் காட்டலாம். அவருக்கும் ஒரு காவல் கொட்டாய் இருக்கிறதா பார்ப்போம் என்று என் உள்ளுக்குள் ஒருவன் சொன்னான். அந்த மனிதரும் அதைத் தெரிந்துகொண்டுதான் நின்றார்.

இன்னொன்றும் தோன்றியது. வாயைத் திறக்காமல் அவரை மிரட்டலாம். அவளைக் கூப்பிட்டு வீட்டில் சேர்த்தால் சொல்ல மாட்டேன் என்று பேரம் பேசலாம். நியாயத்துக்காகத்தானே? அப்படிக்கூட நினைத்தேன். ஆனால் அந்தப் பேரம் நடந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மலையில் எவரும் என் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டார்கள். கழற்றவும் கூடாது.

“சொறிதாம்மா” என்று வெளியே குரல் கொடுத்தேன். “முதுகெல்லாம் கீது, பூசறேன். உங்களுக்கும் இதே மருந்துதான். வரிசையில நில்லுங்க.”

பூசினேன். அவர் போனார். அன்று அந்த ஊரில் அத்தனை பேரையும் பார்த்தேன். பச்சையம்மாவின் மகளும் வந்தாள், அப்பாவின் புது மனைவி தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. இன்னொரு முறை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

கவுண்டர் மலையில் மாத்திரை வாங்க மாட்டேன் என்றார். மாதம் ஒருமுறை திருப்பத்தூருக்கு வருவார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மரத்தடியில் சந்திப்போம். புது மருந்து வந்த சமயத்தில், அந்தச் சிவப்பு மாத்திரையை மாதம் ஒருமுறை என் கண் முன்னால் விழுங்க வேண்டும்; மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொன்னேன். மலை ஏறினால் அந்தச் சிவப்பை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அன்று முழுக்கக் கீழேயே இருந்துவிட்டு மறுநாள்தான் போனார். அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படித்தான். ஊரையே ஆள்கிற மனிதர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஒரு நாள் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“யார்கிட்டயும் சொல்லலியா நீ?”

“இல்லீங்க.”

“எங்க வூட்லகூட?”

“இல்லீங்க.”

“அப்ப அந்தப் பொண்ணப் பத்தி மட்டும் ஏன் சொன்ன?”

நீங்கள் கேட்டீர்கள், சொன்னேன் என்று சொல்லலாம். “அன்னிக்கு எனக்கு அறிவு இல்லீங்க” என்றேன்.

“எனக்கும் இல்ல” என்றார். பிறகு, “எங்க கீறா அவ?”

தெரியும் என்றேன். ஆனால் அவளைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சரி கேளு, ஊருக்கே வந்துடச் சொல்லு என்றார்.

வியாழக்கிழமை வரிசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு பச்சையம்மாவிடம் சொன்னேன். கவுண்டர் உன்னை ஊருக்குள் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார், நீ இருக்கும் இடத்தைக் கேட்கிறார் என்றேன்.

“கவுண்டருக்கு இன்னா திடீர்னு?”

நான் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலே ஏதோ புரிந்துகொண்டாளா, எனக்குத் தெரியாது.

“வூட்ல வேற ஒருத்தி கீறா. நான் போய் எங்க நிக்கிறது?” என்றாள். “எனக்கு ஊரு வேணாம் சார். கொயந்தைய குடுக்கச் சொல்லுங்க.”

எப்படிப் பேசினாரோ, எதைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தாரோ, இரண்டு மாதம் கழித்து ஊர்க்கவுண்டர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். கூட அவள் கணவன் வரவில்லை. குழந்தைக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. பச்சையம்மா கையை நீட்டியதும் அது அலறிக்கொண்டு கவுண்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் பிரித்தெடுத்துக் கொடுத்தார். அது அவள் மேலாக எம்பி அவரையே கூப்பிட்டு அழுதது. பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சையம்மா அழவில்லை. குழந்தை உதைக்க உதைக்க, அதன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். பிடி மட்டும் தளரவில்லை.

கவுண்டர் நாலடி தள்ளி நின்றார். கடைசியில், “சாமை கொணாந்தேன். புதுசு” என்று ஒரு பையை நீட்டினார். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அது சோற்றுக்கே இழுபறியான வீடு.

இதைக் கேட்டுவிட்டு, கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டதே என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எது சரியானது? அந்தக் குழந்தை குடிக்க வேண்டிய பால் இரண்டு வருடம் முன்பே வற்றிவிட்டது. கவுண்டருக்கு நோய் முழுக்கக் குணமாயிற்று. ஆனால் எந்தக் களத்திலும் எழுந்து நின்று ‘எனக்கும் இருந்தது’ என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் ரொம்ப நாள் எதிர்பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த ஊரிலேயே இன்னும் இரண்டு பேர், வெளியே தெரிந்துவிடுமே என்று ஒளித்து ஒளித்து, விரல் மடங்கிய பிறகுதான் என்னிடம் வந்தார்கள். மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது. அவர்கள் கணக்கிலும் என் பங்கு உண்டு. நான் களத்தில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த முப்பது பேரில் அவர்களும் இருந்தார்கள்.

நீங்கள் போகிற இடத்திலும் ஒருவர் கூட்டத்தின் நடுவில் உங்களைக் கேட்பார். வேறு நோயாக இருக்கலாம், காசநோயோ, இன்றைக்குப் பெயரைச் சொல்லவே பயப்படுகிற இன்னொன்றோ. கேட்பவர் கெட்டவராக இருக்க மாட்டார். நீங்கள் சொல்லப்போவது உண்மையாகவும் இருக்கும். அந்த உண்மை உங்களுடையது அல்ல, அவ்வளவுதான். உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது.

பச்சையம்மாவுக்குச் சிகிச்சை முடிந்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கை பிழைத்தது. தேமல் மங்கி, ஓரம் மட்டும் லேசாகத் தெரிந்தது. இனிமேல் மாத்திரை வேண்டாம், முழுக்கக் குணம் என்று அவளிடம் சொல்ல, அந்தக் குடிசைப் பக்கம் போனேன். அவள் மகள் வாசலில் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என்று கூப்பிட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிக்கொண்டது.

சொன்னேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க இனிமே வர வேண்டியதில்ல?”

“தேவையில்லம்மா. எப்பவாவது சந்தேகம் வந்தா நீ வந்து பாரு.”

“நல்லது சார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பக்கமே வராதீங்க. இங்க யாருக்கும் தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியாது.”

சரிம்மா என்றேன். அவள் சிரித்தாள், அன்று இறகுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிரித்த அதே சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் திரும்பி நடந்துவிட்டேன். வியாழக்கிழமை வரிசையை அந்த நகரத்து நர்ஸ் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அதன் பிறகு திருப்பத்தூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். புளி மண்டித் தெரு வழியாகப் போனால் ஆபீசுக்கு ஐந்து நிமிடம். நான் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போய்வந்தேன்.